பீச்சாங்கைப் பக்கம் ஒரு பீச்சு

உலகத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர்கள் இரண்டு வகை. தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்குகிறவர்கள் ஒரு வகை, தலையை முக்குகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் இதுவரை ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் கடலுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருந்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் பார்த்ததில்லை. ஏரியில் ஒரு சின்னப் பறவை இருக்குமே, இந்தப் பக்கம் முங்கி நாம் எதிர்பார்க்காத அந்தப் பக்கம் எழுந்திருக்கும் முக்குளிப்பான், அதன் பெயரைப் பாதியாக வெட்டி அவருக்கு வைத்துவிட்டார்கள். ஊருக்கு அவர் முக்குளி. எனக்கு முக்குளியண்ணே.

நான் அப்போது இருபத்து மூன்று வயதுக் குமாஸ்தா. சான்றிதழ் கொடுக்கிற ஓர் ஆபீஸில் தற்காலிக வேலை. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். பென்ஷன் வாங்குகிறவனுக்குக் கொஞ்சம் அடக்கம் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். லாட்ஜ் வாசலுக்கு நேர் எதிரே முக்குளியின் கடை. காலையில் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தால் முதலில் தெரிவது அவர் முதுகுதான். தலை தொட்டிக்குள் இருக்கும். தார் டிரம்மைப் பாதியாக வெட்டிச் செய்த பஞ்சர் தொட்டி அது. தண்ணீருக்கு மேலே ஒரு பச்சைக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாகப் புர்ரென்று மூச்சு வந்துபோகும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் பேசாமல் நிற்பார்கள். அவர் தலையை வெளியே எடுக்கிறவரை காத்திருப்பது அந்தக் கடையின் சம்பிரதாயம்.

மணலூர்பேட்டையிலிருந்து கரும்பு விஷயமாக வந்த ஒரு பெரியவருக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியாது. "யோவ், ஓடியாங்கய்யா, இங்க ஒர்த்தன் தொட்டியில வுழுந்து கெடக்கறான்" என்று கூட்டத்தைக் கூட்டிவிட்டார். முக்குளி நிதானமாகத் தலையைத் தூக்கினார். முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றாமலே, "முன் வீலா, பின் வீலா?" என்றார். பெரியவர் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவர் மகன் வந்து எடுத்துப்போனான்.

இந்தப் பழக்கம் பாண்டிச்சேரியில் ஆரம்பித்தது. முக்குளி சின்ன வயதில் லாரியில் கிளீனராக இருந்தார். கடற்கரை ஓரமாக லாரி பஞ்சராகி நின்ற ஒரு மத்தியானத்தில் நடந்ததை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோருக்கும் சொல்லுவார்.

"ஒரு வெள்ளக்காரன் தண்ணியில குப்புறக் கெடக்கறான் தம்பி. ஆடல, அசையல. நான் இன்னா நெனைப்பேன்? பாவம், செத்துட்டான்னு காலப் புட்ச்சி கரைக்கு இஸ்துக்கினு வந்துட்டேன். எழுந்து குந்திக்கினு அவன் பாஷையில திட்டறான். காப்பாத்தனவன இப்படித் திட்டறியேன்னு நான் என் பாஷையில திட்டறேன். அப்பால ரெண்டு பேருமே சிரிச்சிட்டோம்."

சிரித்து முடித்ததும் அந்த வெள்ளைக்காரர் தன் முகத்திலிருந்த கண்ணாடியையும் குழாயையும் கழற்றி இவருக்கு மாட்டிவிட்டு, போய்ப் பார் என்று சைகை காட்டியிருக்கிறார். இவர் போய்ப் பார்த்தார். பவளமும் முத்தும் பார்த்தார் என்று நினைத்துவிடாதீர்கள். மணல், அறுந்துபோன செருப்பு ஒன்று, ஒரு நண்டு. அவ்வளவுதான்.

"அந்த நண்டு என்ன நிமிந்து பாத்துச்சி தம்பி. யாரு இவன், எங்கேர்ந்து வரான்னு பாத்துச்சி. இத்தினி வருசத்துல நம்ம ஊர்ல என்ன யாராச்சும் அப்படிப் பாத்துக்கீறாங்களா?"

ஊருக்குத் திரும்பி வந்து கடை வைத்ததும் முதல் வேலையாக அதே மாதிரி ஒன்றைச் செய்துகொண்டார். லாரி டியூபை முக அளவுக்கு வெட்டி, சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடையில் ஒரு துண்டு வாங்கி, பஞ்சர் சொல்யூஷனால் ஒட்டினார். மூச்சுக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சைக் குழாய். வாயில் கடித்துக்கொள்ள சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடி. ஒருமுறை வற்புறுத்தி எனக்கும் மாட்டிவிட்டார். இரண்டு நாளைக்கு நான் சாப்பிட்ட இட்லியெல்லாம் ராலே சைக்கிளாகவே ருசித்தது.

கருவி ரெடி. தண்ணீர்தான் கிடைக்கவில்லை. கிணற்றில் பாசி, ஏரியில் எருமை, அணையில் வாட்ச்மேன். கடலுக்கே போகலாமே என்றால் தலையாட்டமாட்டார். அவருக்கு வேண்டியது கடல் இல்லை, பீச்சு. அதற்கு அவரிடம் தனி இலக்கணம் இருந்தது. "தண்ணி தெளிவா இருக்கணும். கீழ மணலு தெரியணும். எவனும் வந்து காலப் புட்ச்சி இஸ்க்கக் கூடாது. இது மூணும் இருந்தா அது பீச்சு. கடலு இருந்தா நல்லது, இல்லன்னாலும் பரவால்ல."

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம் அது. திடீர் திடீரென்று சாலை மறியல். புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே படுத்துவிடும், பஸ்கள் டிப்போவில் படுத்துவிடும். மறியலுக்கு மரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பழைய டயர். கொளுத்தினால் நான்கு ஊருக்குப் புகை தெரியும். ஊரில் பழைய டயர் மலை மாதிரி குவிந்திருந்தது முக்குளியின் கடைக்குப் பின்னால்தான். ஆகவே ஒருநாள் காலையில் ஏழெட்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். முக்குளி தலையைத் தொட்டியிலிருந்து எடுத்தார்.

"அண்ணே, டயரு வேணும்."

"கோரிக்கை இன்னா?"

சொன்னார்கள். ஒரு கால்மணி நேரம் விவரமாகச் சொன்னார்கள். முக்குளி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாயமான கோரிக்கைதான். ஆனா டயரு தர்றதுக்கில்ல. செருப்பு வெட்டப் போறேன்."

"அம்மாந்த டயர்ல செருப்பா? எங்க போட்டுக்கினு போவீங்க?"

"தண்ணிக்குள்ள."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுவாரம் இதற்கு எதிர்க்கட்சி பேசுகிற இன்னொரு கும்பல் வந்து அதே டயரைக் கேட்டது. அவர்களையும் கால்மணி நேரம் பேசவிட்டு, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, அதே செருப்பைச் சொல்லி அனுப்பினார். அந்த வருடத்தில் இரண்டு பக்கத்து நியாயத்தையும் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். கேட்டது மூக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டு.

இனி என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

மலைச் சனங்கள் சாதிச் சான்றிதழுக்காகக் கீழே இறங்கி வந்து அலைகிறார்கள் என்று எங்கள் ஆபீஸர் கரியாலூரில் முகாம் போட்டார். நல்ல மனிதர். பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்து, அத்தனை சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டு முடித்தார். சீல் குத்துகிற நேரத்தில் கீழே மறியல் ஆரம்பித்துவிட்டது என்று தகவல் வந்தது. ஜீப்பில் ஏறிக்கொண்டே என்னிடம் ஆபீஸின் வட்ட சீலைக் கொடுத்தார். பித்தளை. உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான், ஆனால் ஒரு சர்க்காரின் கனம் இருக்கும்.

"எல்லாத்துக்கும் குத்திக் குடுத்துட்டு வாப்பா. ரோடு தொறந்ததும் நானே வந்து கூட்டிக்கிறேன். சீல் மட்டும் பத்திரம். குளிக்கும்போதுகூட உன்ன விட்டுப் பிரியக் கூடாது."

பெரியவர்கள் சொல்லைத் தட்டாமல் வளர்ந்தவன் நான். மறுநாள் காலையில், வேலையை ஆரம்பிக்குமுன் ஒரு குளியல் போடலாம் என்று அருவி மடுவுக்குப் போனபோது, சீலைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனேன். பாறை மேலிருந்து குதித்தேன். நான் மேலே வந்தேன். துண்டும் மேலே வந்தது.

அதன் பிறகு எத்தனை முறை முங்கினேன் என்று தெரியாது. கண்ணைத் திறந்தால் தண்ணீருக்குள் எல்லாம் மங்கல். அடி தட்டுப்படவே இல்லை. தற்காலிக வேலைக்காரன் சர்க்கார் சீலைத் தொலைத்தால் விசாரணையெல்லாம் நடத்தமாட்டார்கள். நேரே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டில் அந்த ஒரு சம்பளத்தை நம்பி ஐந்து பேர். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பள்ளிக்கூட வராந்தாவில் வேட்டியை மடித்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள். சீல் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம். சர்க்கார் ஹாஸ்டலில் பிள்ளைகளைச் சேர்க்க அந்தக் காகிதத்துக்காக அவர்கள் இரண்டு வருடம் நடந்திருக்கிறார்கள். "மை காஞ்சிபோச்சு, கீழ போய் வாங்கிட்டு வரேன்" என்று பொய் சொல்லிவிட்டு மலையிறங்கினேன். வெட்கம் இன்னும் போகவில்லை.

ரோடு திறந்தால் ஜீப் வரும். ஜீப் வந்தால் ஐயா வருவார். ஐயா வந்தால் முதலில் சீலைக் கேட்பார். அந்த வாரம் மறியல் நீடிக்க வேண்டும் என்று வழியிலிருந்த எல்லாக் கோயிலிலும் வேண்டிக்கொண்ட ஒரே அரசு ஊழியன் நான்தான்.

சாயங்காலம் கால் வீங்கி முக்குளியின் கடைக்கு வந்து சேர்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தண்ணி தெளிவா கீதா?"

"தெளிவாத்தான் இருக்குதுண்ணே."

"மணலு?"

"எதிர்க்கரையில கொஞ்சம் தெரிஞ்சுது. அங்க யாரும் போறதில்லியாம்."

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப அது பீச்சு. காத்தால கெளம்பிடலாம். யாராண்டயும் சீலப் பத்திப் பேசாத. பீச்சுக்குப் போறோம்னு சொல்லு."

விடியற்காலையில் இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். அவர் கழுத்தில் கண்ணாடி, தோளில் குழாய், கேரியரில் லாரி டயரிலிருந்து வெட்டிய, நீந்தும்போது மாட்டிக்கொள்கிற இரண்டு பெரிய வாத்துக்கால் செருப்புகள். வழியெல்லாம் மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கூட்டம். சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்ட வேண்டும், தாண்டுமுன் காரணம் சொல்ல வேண்டும். கச்சிராயபாளையத்துக்கு இப்பால் ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு விசாரித்தார்.

"எங்கய்யா போறீங்க?"

"பீச்சுக்கு" என்றார் முக்குளி.

"கடலு கெழக்கால இல்ல கீது. நீங்க மேக்கால போய்க்கினு கீறீங்க."

"கெழக்கால மறியல் ஜாஸ்தியாம். அதான் இப்படிப் போறோம்."

அந்த பதிலில் ஏதோ தர்க்கம் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். யோசித்தார். அதற்குள் பின்னாலிருந்த ஒருவர் முக்குளியின் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டார். "யப்பா, இது கண்ணீர்ப்புகைக்குப் போட்டுக்கற மாஸ்க் இல்ல?" அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எங்களைச் சூழ்ந்துகொண்டது. போலீஸ் புகை போடப்போகிறது என்று வதந்தி இருந்த நேரம். ஆளுக்கு ஒன்று செய்து தர முடியுமா, ரப்பர் நாங்கள் தருகிறோம், நீங்கள் எங்களோடேயே தங்கிவிடுங்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு என்று அன்புத் தொல்லை. ஒருவர் முக்குளிக்கு மாலை போட ஆள் அனுப்பிவிட்டார். மறியல் நீடிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேனே தவிர, அதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்று வேண்டவில்லை.

முக்குளி மாஸ்க்கை உயர்த்திக் காட்டினார். "இது தண்ணிக்குத்தாங்க. கண்ணீருக்கு இல்ல. கண்ணீருக்கு இன்னும் எவனும் கண்டுபுடிக்கல."

ஏதோ தத்துவம் சொல்லிவிட்டார் என்று நினைத்து, சைக்கிளை அவர்களே தூக்கி மறுபுறம் வைத்தார்கள். முக்குளிக்கு அதில் தத்துவம் எதுவும் தெரியாது. அவர் பொருளின் உபயோகத்தைச் சொன்னார்.

அடிவாரத்தில் சைக்கிளை ஒரு வீட்டில் விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறினோம். முந்தின நாள் நான் ரோட்டு வழியாக இறங்கியவன்; இந்தப் பாதை எனக்குத் தெரியாது. ஏறி ஏறி மூச்சு வாங்கியபோது முக்குளி பச்சைக் குழாயை வாயில் வைத்துக்கொண்டார். தண்ணீரில் உதவுவது தரையிலும் உதவும் என்பது அவர் கட்சி. உதவவில்லை. ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. தலையில் உப்பு மூட்டையோடு ஒருவர் பின்னால் ஏறி வந்தார். கரியாலூரில் சின்னதாக ஒரு கடை வைத்திருப்பவர். மறியலால் வண்டி வராமல் தானே கீழே போய் உப்பு தூக்கி வருகிறார்.

முக்குளி குழாயை எடுத்துவிட்டுக் கேட்டார். "ஏங்க, பீச்சுக்கு எப்டிப் போறதுங்க?"

கடைக்காரருக்கு அந்தச் சொல் புரியவில்லை. புரிந்த மட்டும் பதில் சொன்னார். "சோத்தாங்கைப் பக்கம் போனா ஊருங்க. பீச்சாங்கைப் பக்கம் போனா மடுவுங்க."

முக்குளி அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "கேட்டியா தம்பி? பீச்சாம் கைப் பக்கம். பீச்சு இருக்கற கைப் பக்கம். இவங்க காலங்காலமா அப்படித்தான் சொல்லிக்கினு கீறாங்க. நாமதான் அர்த்தம் புரியாம எதுக்கோ அந்தக் கைய வெச்சிருக்கோம்."

இடது கையை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று அந்த மலைச்சரிவில் நின்று விளக்க எனக்குத் தெம்பில்லை. இடப் பக்கம் திரும்பினோம். மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு இறங்கினால், நான் குதித்த பாறைக்கு நேர் எதிர்க்கரையில் வந்து நிற்கிறோம். மேலே அருவி. கீழே பச்சைக் கண்ணாடியாக மடு. அதன் ஓரத்தில், மூன்று வேட்டி விரிக்கிற அளவுக்கு, வெள்ளை மணல். ஒரு காலடித் தடம் கிடையாது.

முக்குளி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கோயிலுக்குள் நுழைகிறவரைப் போல மெதுவாக நடந்து போய், அரை டிராயரோடு நின்று, வாத்துக்கால்களை மாட்டினார். தண்ணீரில் இறங்கியதும் அவை நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் அத்தனை கனம். அவற்றை உதறிவிட்டு, முகத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்தார். பச்சைக் குழாய் மட்டும் மேலே நின்றது. ஒருமுறை மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போனார். மேலே வந்து உதட்டைப் பிதுக்கினார். மறுபடியும் மிதந்தார். நான் மணலில் உட்கார்ந்து குலதெய்வத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உப்பை வீட்டில் இறக்கிவிட்டுக் குளிக்க வந்த கடைக்காரர் எதிர்ப்பாறையிலிருந்து பார்த்தார். தண்ணீரில் ஓர் ஆள் குப்புற மிதக்கிறார். ஆடவில்லை, அசையவில்லை. நான் கத்துவதற்குள் அவர் குதித்து, முக்குளியின் காலைப் பிடித்து, கல்லிலும் மணலிலும் தேய்த்து இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டுவிட்டார்.

முக்குளி எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் உரிந்திருந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கடைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னயும் இஸ்துட்டாங்க தம்பி. வெள்ளக்காரன நான் இஸ்துக்கினு வந்த மாதிரியே என்னயும் இஸ்துட்டாங்க." கண் கலங்கியிருந்தது. இலக்கணத்தின் மூன்றாவது விதி உடைந்துபோனதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு தொழில்முறையில் இறங்கினார். "தம்பி, டியூப்ல எங்க ஓட்டைன்னு தெரியலன்னா இன்னா பண்ணுவோம்? மறுபடியும் காத்தடிப்போம். அப்பதான் தண்ணியில முட்டை முட்டையா குமிழி வுடும். நீயும் அதே பாறையில நின்னு அதே மாதிரி குதிக்கணும். இடுப்புல அதே கனத்துக்கு ஒண்ணு கட்டிக்கோ. அது எங்க போய் வுழுதுன்னு நான் உள்ளேர்ந்து பாக்கறேன்."

இதைவிடத் தெளிவான யோசனையை நான் எந்த மேலதிகாரியிடமும் கேட்டதில்லை. கடைக்காரர் ஓடிப்போய் ஓர் அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்து வந்தார். துண்டில் முடிந்துகொண்டு குதித்தேன். கல் போய்விட்டது. முக்குளி மேலே வந்து, "சரியாத் தெரியல, இன்னொரு தபா" என்றார். கால்கிலோ கல் வந்தது. அதுவும் போனது. நூறு கிராம் வந்தது. அதுவும். கடைசியில் கடையில் எடைக்கல்லே இல்லாமல் போய், கடைக்காரர் மணலில் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் உருண்டைக் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்தேன். மார்பும் வயிறும் சிவந்து, காதில் தண்ணீர் போய், உலகம் தூரத்தில் கேட்டது. ஒவ்வொரு முறையும் முக்குளி சொன்னது ஒன்றுதான். "கிட்ட வந்துட்டோம். இன்னும் ஒரே தபா."

வெயில் சாய ஆரம்பித்தது. என்னால் முடியவில்லை. மணலில் விழுந்து அழுதேன். உண்மையாகவே அழுதேன். "விடுங்கண்ணே. ரோடு தொறந்து ஐயா வந்ததும் நானே சொல்லிட்டு ஊருக்குப் போயிடறேன். அந்த அப்பனுங்ககிட்ட மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

முக்குளி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈர டிராயரின் இடுப்பு லேசாகக் கீழே இறங்கியிருந்தது. அங்கே, எலும்புக்குச் சற்று மேலே, ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு குறி. தண்ணீரில் ஊறிய பழைய மை. எழுத்துக்கள் தெளிவாகவே படிந்திருந்தன. பொதுவாக சர்க்கார் முத்திரை அவ்வளவு தெளிவாக விழுவதில்லை.

நான் அழுகையை நிறுத்தினேன். "எப்ப கெடச்சுது?"

அவர் டிராயருக்குள் கையை விட்டு சீலை எடுத்தார். "மொத முங்குலயே கெடச்சிடுச்சி. கல்லு சந்துல குந்திக்கினு இருந்துச்சி." எடைக்கற்களும் வந்தன, அவற்றைத் தண்ணீருக்குள் உதறிவிட்டிருந்த டயர் வாத்துக்கால்களுக்கு அடியில் மணலில் புதைத்து வைத்திருந்தார். சீலை மட்டும் ஏன் இடுப்பில் வைத்துக்கொண்டீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "கவர்மெண்டு சொத்த மண்ணுல போடலாமா?" என்றார்.

அன்று நான் அவரைச் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிடமாட்டார்கள். அருவிச் சத்தம் இருந்ததால் கடைக்காரருக்கும் பாதிதான் கேட்டிருக்கும். முக்குளி எல்லாவற்றையும், டயர் கேட்டு வந்தவர்களிடம் கேட்ட மாதிரியே, கடைசிவரை கேட்டார்.

"நாயம்தான் தம்பி. கெடச்சிடுச்சின்னா நீ ஓடிடுவ. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு பாத்தேன்." பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "வந்ததுலேர்ந்து அம்பது தபா குதிச்ச. ஒரு தபாவாச்சும் பாத்தியா? இப்ப சீலு கெடச்சிடுச்சி இல்ல. இப்பவாச்சும் பாரு."

கோபத்தோடுதான் வாங்கி மாட்டினேன். ரப்பர் நாற்றம். முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். அருவிச் சத்தம் நின்றுபோனது. அடி இல்லை என்று நான் நேற்று பயந்த மடுவுக்கு அடி இருந்தது. வெயில் உள்ளே சாய்வாக இறங்கி மணலில் கோடு கோடாக ஆடிக்கொண்டிருந்தது. விரல் நீளத்துக்கு மீன்கள் கூட்டமாக நின்று, நான் வந்ததும் விலகி, நான் யாரென்று பார்க்க மறுபடியும் கூடின. ஒரு மீன் கண்ணாடிக்கு நேராக வந்து நின்று என்னைப் பார்த்தது. எனக்குச் சீல் நினைவில்லை. வேலை நினைவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, கடைசியில் காலைப் பிடித்து இழுத்தது முக்குளிதான். "போதும், போய் வேலையப் பாரு. அவங்க காத்துக்கினு கீறாங்க."

இருட்டுவதற்குள் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து எல்லாச் சான்றிதழிலும் சீல் குத்திக் கொடுத்தேன். மை இல்லை என்று நான் சொன்ன பொய்யை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஓர் அப்பா காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, காயட்டும் என்று ஊதிக்கொண்டே போனார். மறுநாள் ரோடு திறந்தது. ஐயா வந்தார், சீலை வாங்கிப் பார்த்தார், "சுத்தமா கழுவி வெச்சிருக்கியே" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டால்தான் எனக்கு வேலை நிரந்தரமானது என்று இன்றும் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ போராட்டங்கள், எத்தனையோ மறியல்கள். ஒவ்வொரு முறை மரம் விழும்போதும் முக்குளி எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்துவிடுவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பார். "தம்பி, சீலு பத்திரமா கீதா?"

"பத்திரமா இருக்குதுண்ணே."

"அப்படியா" என்று முகம் வாடிப் போய்விடுவார். அந்த முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு என்னவோ செய்யும். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்றே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பைல் இருந்தது, குடும்பம் இருந்தது, போகவில்லை. அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

ரிட்டயர் ஆன அன்று சாயங்காலம் மாலையும் கையுமாக வெளியே வந்தபோது, முக்குளி வாசலில் நின்றிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் தொங்கின.

"சீல ஒப்படைச்சிட்டியாமே. இனிமே தொலைக்கறதுக்கு உன்னாண்ட ஒண்ணும் இல்ல. சும்மாவே ஒரு தபா போய்ட்டு வரலாமா?"

மறுநாள் காலை கரியாலூர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அரைக்கிலோ எடைக்கல் ஒன்றைத் துண்டில் முடிந்து, இடுப்பில் லூசாகக் கட்டியிருந்தேன்.